பல திசைவடிவங்கள் கொண்ட கன்டென்சர் மைக்கை ஸ்டூடியோவில் பயன்படுத்துவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன். சிறிய அறை ஒன்றில் குரலும் அகூஸ்டிக் கிட்டாரும் பதிவு செய்கிறீர்கள். வட்டம் (ஆம்னி, எல்லாத் திசையும் கேட்பது), இதயம் (கார்டியாய்டு, முன்பக்கத்தை அதிகம் கேட்பது), எட்டு (முன்னும் பின்னும் கேட்பது) என மூன்று குறிகளுக்கிடையே மாற்றக்கூடிய கன்டென்சர் மைக் ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஒருமுறை வட்டத்தில் வைத்துப் பாடியபோது குகைக்குள் நின்று பாடியதுபோல் கேட்டதால் உடனே இதயத்துக்குத் திரும்பிவிட்டீர்கள்; அதன் பிறகு சுவிட்சைத் தொட்டதில்லை. மற்ற இரண்டும் எதற்கு, இந்த மைக்கை விற்றுவிட்டு கார்டியாய்டு மட்டும் உள்ள ஒன்றை அதே விலைக்கு வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

விற்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அன்று குகைபோல் கேட்டதற்கு ஆம்னி வடிவத்தைக் குறை சொல்வதற்கில்லை. சுவிட்சை மாற்றிவிட்டு மைக்கை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டீர்கள். திசைவடிவத்தை, அதாவது மைக் எந்தத் திசைகளைக் கேட்கிறது என்பதை, மாற்றினால் மைக் நிற்க வேண்டிய தூரமும் மாறும், அடிநாதத்தின் (தாழ்ந்த சுரங்களின்) அளவு மாறும், கெயினும் (ஒலியைப் பெருக்கும் அளவும்) மாறும். ஒன்றை மாற்றி மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டு ஒப்பிடுவதால்தான் பலருடைய மைக்குகளில் அந்தச் சுவிட்ச் வாங்கிய நாள் முதல் ஒரே இடத்தில் உறைந்து கிடக்கிறது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் புரியும். இவ்வகை மைக்கில் ஒலியைப் பிடிக்கும் பகுதியான கேப்ஸ்யூலில், துளையிட்ட உலோகத் தகட்டின் இரு புறமும் தங்கம் பூசிய மெல்லிய சவ்வு ஒவ்வொன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு சவ்வும் தனக்கு முன்னாலுள்ளதை முழுமையாகவும், பக்கவாட்டில் உள்ளதைப் பாதியாகவும் கேட்கும். முதுகுப் பக்கத்து ஒலியை ஏறத்தாழக் கேட்கவே கேட்காது. முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு கார்டியாய்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சவ்வுக்கு மின்னழுத்தம் கொடுக்காவிட்டால் அது வாய் மூடிக்கொள்ளும். முன் சவ்வின் கார்டியாய்டு மட்டும் வெளியே வரும். முன் சவ்வுக்குக் கொடுக்கும் அதே மின்னழுத்தத்தைப் பின்னதற்கும் கொடுத்தால் இரண்டும் கூடும். பக்கவாட்டு ஒலி இங்கே பாதியும் அங்கே பாதியுமாகச் சேர்ந்து முழுமையாகிவிடுவதால், எல்லாத் திசையும் சமமாகி ஆம்னி கிடைக்கிறது. அந்த மின்னழுத்தத்தின் நேர், எதிர் முனைகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று கழியும். பாதியில் பாதி போனால் மிச்சம் ஒன்றுமில்லை. பக்கங்கள் செவிடாகி, முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் எட்டு வடிவம் பிறக்கிறது.

இந்த இரட்டைச் சவ்வு ஏற்பாடு புதியதன்று. பிரவுன்மூல், வேபர் ஆகிய இருவரும் ஜெர்மனியில் 1930களின் நடுவில் உருவாக்கிய கேப்ஸ்யூலே இதற்கு மூலம். அதே வழியில் வந்த நாய்மன் யு 47 என்ற மைக் 1949இல் ஆம்னிக்கும் கார்டியாய்டுக்கும் சுவிட்ச் வைத்தது. 1953இல் வந்த ஏகேஜி சி 12 மைக்கிலோ, பின் சவ்வின் மின்னழுத்தத்தைத் தனிப் பெட்டி ஒன்றிலிருந்து படிப்படியாக ஏற்றி இறக்கி ஒன்பது வடிவங்களை எடுக்க முடிந்தது. உங்கள் மைக்கில் மூன்று குறிகள்தாம் இருக்கின்றன என்றாலும், நடுவிலுள்ள அகன்ற கார்டியாய்டு, ஹைப்பர்கார்டியாய்டு (இன்னும் ஒடுங்கிய கார்டியாய்டு) போன்றவை தனி வித்தைகள் அல்ல. பின் சவ்வு எவ்வளவு பேசுகிறது என்பதன் இடைப்படிகளே.

இப்போது தூரத்துக்கு வருவோம். மைக்குக்கு வரும் ஒலியில் ஒரு பகுதி பாடுபவரின் வாயிலிருந்து நேராக வருகிறது. மறு பகுதி சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் மோதித் திரும்பி வருகிறது. ஆம்னி இரண்டையும் பாகுபாடின்றி எடுத்துக்கொள்ளும். கார்டியாய்டு, எல்லாத் திசையிலிருந்தும் சிதறி வரும் அறை ஒலியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். இதைத் தூரக் கணக்காக மாற்றினால் சுமார் 1.7 மடங்கு என்று வரும். அதாவது 20 செ.மீ. தொலைவில் நிற்கும் கார்டியாய்டில் குரலும் அறையும் என்ன விகிதத்தில் கலக்கின்றனவோ, அதே விகிதம் ஆம்னியில் வேண்டுமென்றால் 12 செ.மீ. அளவுக்கு நெருங்கி வர வேண்டும். நீங்கள் 20 செ.மீ. தொலைவிலேயே நின்று ஆம்னிக்கு மாற்றியபோது அறையின் பங்கு மூன்று மடங்காகிவிட்டது. குகை வந்தது அங்கிருந்துதான்.

அவ்வளவு நெருங்கினால் அடிநாதம் வீங்கிவிடாதா என்று கேட்பீர்கள். கார்டியாய்டில் வீங்கும், ஆம்னியில் வீங்காது. நெருக்க விளைவு என்று நாம் சொல்வது, சவ்வின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாட்டைக் கொண்டு இயங்கும் வடிவங்களுக்கு உரியது. வாய் மிக அருகில் வரும்போது தாழ்ந்த சுரங்களில் அந்த வேறுபாடு அளவுக்கு மீறி வளர்கிறது. எட்டு வடிவத்தில் இது மிக அதிகம், கார்டியாய்டில் நடுத்தரம். ஆம்னியில் இரண்டு சவ்வுகளின் வேறுபாடுகளும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் அநேகமாக இல்லை. பாடும்போது தலையை அசைக்காமல் இருக்க முடியாத பாடகர்களுக்கு இதனால் ஒரு பெரிய நன்மை உண்டு. கார்டியாய்டில் 10 செ.மீ. முன்னே சாய்ந்தால் குரல் தடிக்கும், பின்னே நகர்ந்தால் மெலியும். ஒரே வரியின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் வேறு வேறு ஆட்கள் பாடியதுபோல் ஆகி, பிறகு சுரங்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய முயன்று தோற்போம். ஆம்னியில் அளவு மட்டும் ஏறி இறங்கும், குரலின் நிறம் மாறாது; அளவை, ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸர் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று: ஆம்னி என்று குறி போட்டிருப்பதாலேயே அது ஒற்றைச் சவ்வு கொண்ட உண்மையான அழுத்த ஆம்னிக்குச் சமமாகிவிடாது. இது இரண்டு கார்டியாய்டுகளைக் கூட்டிச் செய்த ஆம்னி. மிகத் தாழ்ந்த சுரங்களில் அதன் ஆழம் இதற்கு வராது. உச்ச சுரங்களில் பக்கவாட்டுக் காது சற்று மந்தமாக இருக்கும். ஆகவே ஆம்னிதானே, எந்தப் பக்கம் நின்று பாடினால் என்ன என்று இருந்துவிடக் கூடாது. முன்பக்கத்தை நோக்கியே பாடுங்கள். வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டரையும் எடுத்துவிடாதீர்கள். நம் மொழியின் வல்லின எழுத்துகளில் பகரம் சொல்லும்போது உதடுகளிலிருந்து வெடித்து வரும் காற்று முன் சவ்வின் மேல்தான் நேராகப் போய் விழுகிறது. பின் சவ்வு அதற்கு ஈடு கொடுக்க முடியாது. சுரம் ஏறி வரும் ஒரு ‘போ’வில் இதை நன்றாகக் கேட்கலாம். ஃபில்டரை மைக்கோடு ஒட்டாமல் நான்கைந்து விரற்கடை இடைவெளி விட்டு வையுங்கள்.

இதயக் குறியை நீங்கள் நன்றாக அறிந்திருப்பதாக நினைக்கிறீர்கள். ஆனால் கார்டியாய்டைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம் என்பது என் கருத்து. முன்னே இருப்பதை மட்டும் கேட்கும் என்று சொல்லி இதை விற்கிறார்கள். உண்மையில் சரியாக 90 பாகையில், அதாவது தோள் பக்கத்தில், அது 6 டெசிபல் மட்டுமே குறைத்துக் கேட்கிறது. பக்கத்தில் ஓடும் மின்விசிறி நன்றாகவே விழும். முழுச் செவிடு நேர் பின்னால் மட்டும். அதுவும் நடுத்தர சுரங்களில்தான். இரட்டைச் சவ்வுக் கேப்ஸ்யூல்களில் அடிநாதப் பகுதியில் அந்தத் தடுப்பு தளர்ந்துவிடும்; குளிர்சாதனத்தின் உறுமலை மைக்கின் முதுகுப் பக்கம் வைத்துவிட்டால் தப்பித்தோம் என்று எண்ண முடியாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு வருகிறது. மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாகப் பஞ்சுத் தடுப்பை மாட்டிவிட்டு, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவரை விட்டுவைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கார்டியாய்டு பார்த்துக்கொண்டிருப்பது பாடுபவரை. அவருடைய தலைக்கு மேலும் தோள்களுக்கு அப்பாலும் தெரியும் அந்தச் சுவரையும் அது முழுக் காதோடு கேட்கிறது. உங்களிடம் இருப்பது கனமான போர்வை இரண்டுதான் என்றால், முதலில் பாடுபவரின் பின்னால் தொங்கவிடுங்கள். மைக்கின் பின்புறத்தை வடிவமே பார்த்துக்கொள்கிறது. எட்டு வடிவத்துக்கு மாறினால் மட்டும் மைக்கின் பின்னாலும் ஏதாவது தேவைப்படும். எதிரே பாட்டுத் தாள் வைக்கும் ஸ்டாண்டையும் கவனியுங்கள். அதில் மோதி 34 செ.மீ. அதிகம் பயணம் செய்து வரும் ஒலி ஒரு மில்லி நொடி தாமதமாகும். அது நேர் ஒலியோடு கலக்கும்போது 500 ஹெர்ட்ஸ் அருகில் குரல் குழிந்துவிடும். தாளைச் சற்றுச் சாய்த்து, எதிரொலி மைக்குக்கு வராமல் வேறு பக்கம் போகும்படி செய்தால் போதும்.

எட்டு வடிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களைப்போல் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள குறி அந்த மைக்கில் வேறு இல்லை. பின்னாலும் கேட்பதால் இது அறையை அதிகம் அள்ளும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எல்லாத் திசைகளையும் சேர்த்துப் பார்த்தால் எட்டு வடிவம் எடுக்கும் அறை ஒலியும் கார்டியாய்டு எடுப்பதும் சமம், இரண்டும் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பங்கு எந்தத் திசைகளிலிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு. அதன் பக்கவாட்டுச் செவிடோ கார்டியாய்டின் முதுகுச் செவிட்டைவிட மிகக் கூர்மையானது. அது ஒரு புள்ளியும் அன்று. சவ்வின் தளம் முழுவதும், அதாவது மைக்கின் இடம், வலம், உச்சி, அடி ஆகிய நான்கும் செவிடு. நிமிர்த்தி வைத்த மைக்கை முன்னும் பின்னும் சாய்க்கும்போது அதன் அடிப்பக்கம் எதை நோக்குகிறதோ அதை மைக் கேட்காது.

ஒருவர் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டு பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குரலுக்கான மைக்கை வாய்க்கு எதிரே 20 செ.மீ. தொலைவில் நிமிர்த்தி, எட்டு வடிவத்தில் வைக்கிறேன். கிட்டாரின் ஒலித்துளை கீழே, சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. மைக்கின் அடிப்பாகம் அந்தத் துளையை நோக்கும் வரை மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறேன். அப்போது மைக்கின் முகம் வாய்க்குச் சற்று மேலே, நெற்றிப் பக்கம் திரும்பும். அதனால் குரலில் பெரிய இழப்பு இல்லை, ஏனென்றால் எட்டின் முன்வயிறு அகலமானது. 30 பாகை விலகினாலும் ஒரு டெசிபல் சொச்சம்தான் குறையும். இதைக் கண்ணால் அளந்து செய்வதில்லை. பாடுபவரை வாய் திறக்காமல் கிட்டாரை மட்டும் வாசிக்கச் சொல்லி, குரல் மைக்கை மட்டும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே சாய்க்க வேண்டும். ஒரு கோணத்தில் கிட்டார் திடீரென்று பக்கத்து அறைக்குப் போய்விட்டதுபோல் சுருங்கும். ஒரு விரல் அளவு தாண்டினால் திரும்பி வந்துவிடும். அந்தக் கோணத்தில் திருகை இறுக்கிவிடுங்கள். இரண்டாவது மைக் இருந்தால், அதையும் எட்டில் வைத்துக் கிட்டாரைப் பார்க்கச் செய்து, அதன் உச்சி வாயை நோக்கும்படி சாய்க்கலாம். இரண்டு தடங்களும் இந்த அளவுக்குப் பிரிந்தால், பிறகு குரலுக்கு மட்டும் எதிரொலி சேர்ப்பதும் கிட்டாரின் அளவைத் தனியே குறைப்பதும் சாத்தியமாகின்றன. கார்டியாய்டுகள் இரண்டை வைத்து இதைச் செய்ய முயன்று பல மாலைகளை வீணடித்தவன் நான்.

இரண்டு பாடகர்கள் எதிரெதிரே நின்று ஒரே மைக்கில் பாடவும் எட்டு ஏற்றது. ஒருவர் குரல் மங்கினால் அவரை அரையடி முன்னே வரச் சொல்வதே மிக்ஸிங். நினைவில் வைக்க வேண்டியது, பின்பக்கம் நிற்பவரின் ஒலி முனை திரும்பி, அதாவது அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும், பதிவாகும் என்பது. ஒரே மைக்கில் அது காதுக்குத் தெரியாது. அவருக்கு அருகில் வேறொரு மைக்கும் இருந்து இரண்டையும் கலக்கும்போது மட்டும் குரல் மெலிந்து உள்ளீடற்றுப்போகும். அப்போது ஒரு தடத்தின் முனையைத் திருப்பிப் பாருங்கள்.

ஸ்டீரியோவுக்கும் எட்டு வடிவமே ஆதாரம். ஒத்த மைக்குகள் இரண்டையும் எட்டில் வைத்து ஒன்றுக்கொன்று 90 பாகையில் ஒரே புள்ளியில் நிறுத்தும் முறை, ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளூம்லின் 1931இல் அளித்த காப்புரிமை விண்ணப்பத்திலிருந்து வருவது. நல்ல ஒலியுள்ள அறையில்தான் அது சோபிக்கும். உங்கள் அறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மாறாக, கிட்டாரைப் பார்க்கும் ஒரு கார்டியாய்டும் அதன் மேல் குறுக்காகப் பக்கவாட்டைப் பார்க்கும் ஒரு எட்டும் வைக்கும் மிட்-சைடு முறை சிறிய அறையிலும் பயன்படும். முதல் தடத்தோடு இரண்டாவதைக் கூட்டினால் இடது, கழித்தால் வலது. அகலம் பிடிக்கவில்லை என்றால் பக்கத் தடத்தைக் குறைத்தால் போதும். மோனோவில், அதாவது இடதும் வலதும் ஒன்றாகக் கலந்து, கேட்பவருக்குப் பக்கத் தடம் தானே கழிந்துபோய் நடுத் தடம் மட்டும் சுத்தமாக நிற்கும்.

வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. குறியை மாற்றினால் மைக்கின் உணர்திறனும் மாறும். உதாரணமாக நாய்மன் யு 87 ஏஐ மைக்கில், ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்குக் கார்டியாய்டில் 28 மில்லிவோல்ட், எட்டில் 22, ஆம்னியில் 20 என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். கார்டியாய்டுக்கும் ஆம்னிக்கும் சுமார் 3 டெசிபல் வேறுபாடு. சத்தமாகக் கேட்பது நன்றாக இருப்பதாகத் தோன்றுவது காதின் இயல்பு என்பதால், கெயினைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டால் கார்டியாய்டே எப்போதும் வெல்லும். ஒவ்வொரு குறியிலும் தூரத்தையும் அளவையும் திருத்திக்கொண்டு அதே நான்கு வரிகளைப் பாடிப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள்.

மற்ற சுவிட்சுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 10 டெசிபல் குறைக்கும் ‘பேட்’ என்ற சுவிட்ச் டிரம், டிரம்பெட் போன்ற உரத்த கருவிகளுக்கானது. குரலுக்கும் கிட்டாருக்கும் அதைப் போட்டால் மைக்கின் சொந்த இரைச்சல்தான் மேலே வரும். தாழ்ந்த சுரங்களை வெட்டும் சுவிட்சைத் தரையதிர்வு இருந்தால் மட்டும் போடுங்கள். நெருக்க விளைவுக்குத் தூரமே முதல் மருந்து. கேபிளை மாட்டிய பிறகு 48 வோல்ட் ஃபேன்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்குச் செல்லும் மின்சாரத்தை) போடுங்கள், கழற்றும் முன் அணையுங்கள். குறியை மாற்றும்போது கேப்ஸ்யூலின் மின்னழுத்தம் மாறுவதால் ஸ்பீக்கரில் ‘டொம்’ என்று அடிக்கும். மானிட்டரைக் குறைத்துவிட்டு மாற்றி, சில நொடிகள் பொறுத்த பிறகு பதிவைத் தொடங்குங்கள்.

எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். மைக் மங்கிவிட்டது, பழுது பார்க்க வேண்டும் என்று ஒருமுறை என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், கேபிள் சௌகரியமாக வர வேண்டும் என்று யாரோ ஸ்டாண்டில் மைக்கைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். பாடகர் ஒரு பகல் முழுவதும் கார்டியாய்டின் முதுகில் பாடியிருக்கிறார். இவ்வகை மைக்குகளில் மைக்கின் உச்சியை நோக்கிப் பாடக் கூடாது, அதன் உடலின் முன்பக்கத்தை நோக்கிப் பாட வேண்டும். பெரும்பாலும் தயாரிப்பாளரின் சின்னமோ வடிவக் குறியோ உள்ள பக்கமே முன்பக்கம். சந்தேகம் இருந்தால் கார்டியாய்டில் வைத்து, இரு புறமும் பேசிப் பாருங்கள். வாயால் ஊதிச் சோதிக்காதீர்கள். எச்சில் ஈரம் சவ்வில் படிந்தால் நாளடைவில் படபடவென்ற இரைச்சல் வரும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள்.

சகரம் அதிகமாகச் சீறும் குரலாக இருந்தால், எந்த வடிவமானாலும் மைக்கை 10, 15 பாகை திருப்பி, காற்று அதன் விளிம்பை உரசிப் போகும்படி வைத்துப் பாருங்கள். பல வேளைகளில் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

இனி விற்பது பற்றி. ஒரே குரல், ஒரே இடம், ஒரே தூரம் என்று மட்டும் பதிவு செய்பவராக இருந்தால், ஒற்றைக் கார்டியாய்டு உங்களுக்குக் குறை வைக்காது. அதே விலையில் பின் சவ்வுக்கும் சுவிட்சுக்கும் போகும் செலவு மற்ற உறுப்புகளுக்குப் போயிருக்க வாய்ப்புண்டு. ஆனால் நீங்கள் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவர். என்னைக் கேட்டால், விற்க வேண்டாம். இயன்றபோது இதே மாதிரியில் இன்னொன்று வாங்குங்கள். அதுவரை குரல் மைக்கை எட்டில் வைத்து அதன் அடியைக் கிட்டாருக்குக் காட்டுங்கள், இப்போதிருக்கும் வேறு எந்த மைக்கானாலும் அதைக் கிட்டாருக்கு, அதன் கழுத்திலுள்ள பன்னிரண்டாம் கட்டையை (ஃப்ரெட்) நோக்கி, 25 செ.மீ. தொலைவில் வையுங்கள்.